ரெண்டு கப் லெஃப்ட்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்து ஆலைகளில் மேனேஜர் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் மட்டையைப் பிடித்திருக்கும் நண்பர்களுக்கு,



போன ஞாயிற்றுக்கிழமை நம்மில் ஒருவர் முதல் டீயில் நின்றுகொண்டு, இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து விரலைச் சொடுக்கி, "ஏய் கேடி!" என்று கூப்பிட்டார். அந்த மனிதருக்கு அறுபதை ஒட்டிய வயது. எழுந்து வந்தார், பேக்கைத் தோளில் மாட்டினார், "குட்மார்னிங் சார்" என்றார். கூப்பிட்டவர் யார் என்று எழுதப்போவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், ஆகவே பெயர் சொல்லித் திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் திரும்பி வரும்போது செங்குன்றம் தாண்டும்வரை அந்தச் சொடுக்கு காதிலேயே இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

கேடி என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்ந்த கதியே ஒரு கூத்து. போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ ஒட்டப்படுகிறவனும் கேடி, நம் பேக்கைத் தூக்குகிறவரும் கேடி. "கேடி அண்ணன் வீட்டுக் கல்யாணம், போய்ட்டு வந்துர்றேன்" என்று நான் சொன்னபோது என் அம்மா பார்த்த பார்வையை மறக்க முடியாது. பேக் தூக்குகிற கேடிக்கு மூலம் பிரெஞ்சு. வீட்டின் இளைய பிள்ளையைக் குறித்த சொல், பிறகு பட்டாளத்தில் சேரும் இளைஞனைக் குறித்தது. நம் என்சிசி கேடட் அதே வேரில் வந்தவன்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோ தெருமுனைகளில் நின்று மூட்டை தூக்கியும் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தும் பிழைத்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எந்தச் சந்து எங்கே போய் முடியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வெளியூர்க்காரன் அவர்களை நம்பித்தான் நடந்தான்.

நம் சங்கதிக்கு வருவோம். நம்மில் ஒருத்தரும் கிளப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. ரோலிங் மில், ஃபவுண்டரி, ஆட்டோ பார்ட்ஸ், கெமிக்கல் என்று இரும்புத் தூளிலும் புகையிலும் பாதி ஆயுள் போனவர்கள். கஸ்டமர் ஆடுகிறார், ஜப்பானிலிருந்து வரும் டைரக்டர் ஆடுகிறார், நாமும் ஆடினால் பேச ஒரு விஷயம் கிடைக்கும் என்று ஆரம்பித்தோம். விடியக்காலம் நாலரைக்குக் கிளம்பி, கவரைப்பேட்டை, தச்சூர் கூட்டுரோடு, காரனோடை பாலம் என்று டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, வெளிச்சம் வருவதற்குள் நகரத்துக்குள் இருக்கும் மைதானத்தைப் பிடிக்கிறோம். நாலு மணி நேரம் ஆட்டம், இரண்டரை மணி நேரம் ரோடு. வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

எனக்குப் புத்தி வந்த இடத்தைச் சொல்கிறேன். மூன்றாவது ஹோல் கிரீன். பந்துக்கும் குழிக்கும் பன்னிரண்டு அடி. நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67, இடையில் தாராளமாக டாலரன்ஸ் இருக்கிறது என்று மனசுக்குள் கணக்கு. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தரை இடப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. குழியின் வலது விளிம்பைக் குறிபார்த்துத் தட்டினால் பந்து இடப்பக்கம் திரும்பி உள்ளே போய்விடும். பட்டரை எடுத்தபோது பின்னால் நின்ற கேடி அண்ணன், நான் கேட்காமலே, "ரெண்டு கப் லெஃப்ட் சார்" என்றார்.

ரெண்டு கப் என்றால் இரண்டு குழி அகலம், ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். அதுவும் இடப்பக்கம். சரிவே இடப்பக்கம் இருக்கும்போது இன்னும் இடப்பக்கம் அடிக்கச் சொல்கிற ஆளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணக்குப்படியே தட்டினேன். பந்து நேராகப் போனது, குழிக்கு மூன்றடி முன்னால் வலப்பக்கம் ஒதுங்கியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்: "தரைய பாத்தீங்க சார். புல்ல பாக்கலியே. புல்லு அந்தாண்ட குளத்துப் பக்கம் படுத்துக்கினு இருக்குது."

பிறகு என்னை ஒரு பக்கம் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார். புல் வெளுத்துப் பளபளத்தது. எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதே புல் கருத்து மங்கியிருந்தது. பளபளக்கிற பக்கமாகப் பார்க்கும்போது புல் நம்மை விட்டு விலகிப் படுத்திருக்கிறது, அந்தத் திசையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். மங்கலாகத் தெரிந்தால் புல் நம்மைப் பார்த்து நிற்கிறது, பந்து திணறும். குழியின் விளிம்பையும் காட்டினார். ஒரு பக்கம் பிளேடால் வெட்டியதுபோலக் கூர்மை. மறுபக்கம் கலைந்து பழுப்பேறிக் கிடந்தது. கலைந்த பக்கம் எதுவோ, அந்தப் பக்கம் சாய்ந்துதான் புல் வளர்கிறது. தேய்த்துப் பார்க்கக் கூடாது, விதி அனுமதிக்காது. கண்ணாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பேரிங் கிளியரன்ஸ் பார்க்க டயல் கேஜ் வைத்திருக்கிறோம். அவருக்குக் கண் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊர் வெயிலுக்கு கிரீன்களில் போடுவது பெரும்பாலும் பெர்முடா ஜாதிப் புல். பெர்முடா என்றதும் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லின் குடும்பம்தான் அது. அருகம்புல் எந்தப் பக்கம் படரும், எங்கே ஈரத்தைத் தேடும் என்று தெரிந்துகொள்ள அவர் எந்த கோல்ஃப் அகாடமிக்கும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அதே புல்மேல் வெறுங்காலிலும் செருப்புக்காலிலும் நடக்கிறார்.

இப்போது விதிப்புத்தகத்துக்கு வருகிறேன், ஆடிட்டுக்குப் பழகின நமக்கு அதுதான் பிடிக்கும். 10.2 விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஆட்டம் நடக்கும்போது எந்த மட்டையை எடுக்கலாம், எப்படி அடிக்கலாம் என்று உங்கள் கேடியிடம் தவிர வேறு யாரிடமும் கேட்கக் கூடாது. கூட ஆடுகிற எம்டியிடம் கேட்டால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. நூறு ஏக்கர் மைதானத்தில், நாலு பேர் கொண்ட குழுவில், உங்களுக்கு யோசனை சொல்லச் சட்டப்படி உரிமையுள்ள ஒரே ஆள் அந்தப் பேக்கைத் தூக்குகிறவர்தான். அந்த ஒரே ஆளைத்தான் நாம் சொடுக்குப் போட்டுக் கூப்பிடுகிறோம்.

அதே விதிப்புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது. கேடி செய்கிற தவறுக்குத் தண்டனை ஆட்டக்காரருக்கு. 2001 பிரிட்டிஷ் ஓப்பன் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முதல் ஹோலில் கிட்டத்தட்ட ஹோல்-இன்-ஒன் அடித்து, ஒரு பர்டி போட்டார். இரண்டாவது டீக்கு வந்ததும் அவருடைய கேடி மைல்ஸ் பைர்ன் பேக்கை எண்ணிப் பார்க்கிறார். பதினைந்து மட்டை. அனுமதி பதினாலுதான். காலையில் பயிற்சியின்போது போட்டுப் பார்த்த இன்னொரு டிரைவர் உள்ளேயே கிடந்திருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் போயிற்று. வூஸ்னம் தொப்பியைக் கழற்றி அடித்தார், அந்த டிரைவரை ரஃபுக்குள் வீசினார், ஆனால் அந்த ஆளை அன்று வேலையை விட்டுத் தூக்கவில்லை. கடைசியில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். (சில வாரம் கழித்து அதே கேடி தூங்கிப்போய் வேலைக்கு வரவில்லை. அப்போது தூக்கினார். அது நியாயம்தான், நம் ஃபர்ஸ்ட் ஷிப்டிலும் அதுதான் நடக்கும்.)

எண்ணுவதைப் பற்றிச் சொன்னதால் நம் ஜப்பான்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். முதல் முறை எங்கள் பிளான்ட்டுக்கு வந்த ஒரு டைரக்டரை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். முதல் டீயில் அவர் செய்த முதல் காரியம், தொப்பியைக் கழற்றிவிட்டு கேடியின் முன்னால் குனிந்து "யோரோஷிக்கு ஒனெகாய்ஷிமாஸ்" என்றது. இன்றைக்கு நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி அர்த்தம். கேடி அண்ணன் திணறிப்போய் அவரும் குனிந்தார், தோளில் இருந்த பேக் சரிந்து மட்டைகள் எல்லாம் தரையில். ஆட்டம் முடிந்ததும் டைரக்டர் மட்டைகளை வரிசையாக வைத்து இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். ஜப்பானில் அது வழக்கம் என்றார். அங்கே நாலு ஆட்டக்காரர்களுக்கு ஒரு கேடி, பெரும்பாலும் பெண்கள், முகத்தை மூடிய பெரிய தொப்பியோடு வண்டியைச் செலுத்திக்கொண்டு வருவார்கள் என்று போனில் படம் காட்டினார். அதே போனில் இன்னொரு வீடியோவும் வைத்திருந்தார். 2021 ஏப்ரலில் ஹிதேகி மட்சுயாமா மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற பிறகு, அவருடைய கேடி ஷோதா ஹயாஃபுஜி பதினெட்டாவது குழியில் கொடியைத் திருப்பி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, வெறும் மைதானத்தைப் பார்த்துக் குனிந்தாரே, அது. நம் அண்ணன் அதை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "கிரவுண்டுக்கு தேங்க்ஸ் சொல்றாரா சார்? கரெக்ட்டு" என்றார். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

நான் ஏன் அண்ணன் பேச்சை முதலில் கேட்கவில்லை என்று யோசித்தால், பழக்கம் சிப்காட்டிலிருந்து வந்தது. பழைய கதை ஒன்று. ஒரு மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. ரஃபிங் ஸ்டாண்டு கியர்பாக்ஸ் பக்கத்தில் தூசி கூட்டுகிற ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன், காண்ட்ராக்ட் ஹெல்பர், என்னைப் பார்த்து ஓடிவந்து கியர்பாக்ஸைக் காட்டி, பிறகு காதைத் தொட்டுக் காட்டி, "சார், அலக் ஆவாஸ்" என்றான், சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்று. வைப்ரேஷன் ரீடிங் எடுத்தோம், லிமிட்டுக்குள்தான் இருந்தது. "டீக் ஹை, ஜாவோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். மூன்றாம் நாள் நைட் ஷிப்டில் பேரிங் போயிற்று, பதினோரு மணி நேரம் மில் நின்றது. ரூட் காஸ் ரிப்போர்ட்டில் லூப்ரிகேஷன், லோடு, பேரிங்கின் வயசு என்று நாலு பக்கம் எழுதினேன். அந்தப் பையன் சொன்னது எந்தக் கட்டத்திலும் இல்லை. அதற்கென்று ஃபார்மில் கட்டம் கிடையாது. விசாரிக்கப் போனபோது காண்ட்ராக்டர் அவனை வேறு சைட்டுக்கு மாற்றியிருந்தார்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு பையன் இருந்திருப்பான். சரி, அது கிடக்கட்டும்.

பேக் தூக்குகிறவர்களின் கூலி விஷயம் நமக்குப் புரியக்கூடியது, ஏனென்றால் காண்ட்ராக்ட் லேபர் ஃபைலை தினமும் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாம். பல கிளப்புகளில் கேடி கிளப்பின் ஆள் கிடையாது. போர்டில் ஒரு ரேட் எழுதியிருக்கும், அதை ஆடுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். மழை வந்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் காசு இல்லை. ஈஎஸ்ஐ, பிஎஃப் என்கிற பேச்சுக்கே இடமில்லை. கிளப்பின் சொந்த ஊழியர்களுக்கே சட்டம் இழுபறியாக இருந்த காலம் உண்டு. மெட்ராஸ் ஜிம்கானா கிளப் ஊழியர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், உறுப்பினர்கள் தங்களுக்காக நடத்திக்கொள்ளும் கிளப் ஒரு 'தொழில்' ஆகாது, தொழில் தகராறு சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1967இல் தீர்ப்பு வந்தது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வில் வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதைக் கவிழ்த்தது. நம் எச்ஆர் ஆட்கள் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிற தீர்ப்பு அது. ஆனால் அது சமையல்காரருக்கும் பரிமாறுகிறவருக்கும் குமாஸ்தாவுக்கும் உதவியது. மஸ்டரிலேயே பெயர் இல்லாதவருக்கு எந்தத் தீர்ப்பு என்ன செய்யும்?

கிண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸ் ஓடுபாதைக்கு நடுவில் ஜிம்கானாவின் கோல்ஃப் மைதானம் இருந்தது. குதிரை ஓடாத நேரத்தில் பாதையைக் கடந்து போய் ஆட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து, 160 ஏக்கரைக் கையகப்படுத்திச் சீல் வைத்தது. வாடகை பாக்கி 730 கோடி என்றார்கள். பிறகு வேளச்சேரி வெள்ளத்துக்காகக் குளம் வெட்டினார்கள், பூங்கா வரும் என்றார்கள். நகரத்துக்குக் குளமும் பூங்காவும் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அந்த நாட்களில் நான் படித்த செய்திகளில் குத்தகை இருந்தது, குதிரை இருந்தது, கோடி இருந்தது. காலையில் பேக் தூக்கி மதியத்துக்குள் அரிசி வாங்குகிறவர் எந்தப் பத்தியிலும் கண்ணில் படவில்லை. நம் அண்ணனுடைய மச்சானுக்கு அங்கேதான் வேலை. இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். "உக்காந்துகினே இருக்க முடியல சார் அவனால, கால் மரத்துப் போவுதுன்றான்" என்றார்.

இவர்கள் ஆடினால் எப்படி ஆடுவார்கள் என்று சந்தேகம் இருந்தால் அலி ஷேரைப் பாருங்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1991இல் அதே கிளப்பில் இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 1993இல் மறுபடியும் வென்றார். 2009இல் பெங்களூருக்காரர் சி. முனியப்பா, அவரும் கேடியாக இருந்தவர், கொரியாவின் லீ சங்கைப் பிளேஆஃபில் தோற்கடித்து அதே பட்டத்தை எடுத்தார். பெரும்பாலான மைதானங்கள் வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மூடியிருக்கும். அந்த நாளில்தான் கேடிகள் ஆடிப் பழகுவார்கள், யாரோ கழித்துப்போட்ட ஒற்றை அயர்னை வைத்துக்கொண்டு. எங்கள் அண்ணனிடம் ஒரு பழைய ஏழாம் நம்பர் அயர்ன் இருக்கிறது, கிரிப்பில் சைக்கிள் டியூப் சுற்றியது. அதை வைத்தே பங்கரிலிருந்து எடுப்பார், அதை வைத்தே பட் செய்வார். ஒருநாள் என் பதினாலு மட்டையைக் காட்டி, "இவ்ளோ எதுக்கு சார், குழப்பமா இல்ல?" என்று நிஜமான அனுதாபத்தோடு கேட்டார்.

வெளிநாட்டுக் கதை ஒன்று வேண்டுமென்றால் 1913 அமெரிக்க ஓப்பன். பிரான்சிஸ் வீமெட், இருபது வயசு, தானே கேடியாக இருந்தவன், அன்றைய பிரிட்டிஷ் ஜாம்பவான்கள் ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் தோற்கடித்தான். அவனுக்குக் கேடி எடி லோவரி, பத்து வயசு. பிளேஆஃபுக்கு முன்னால் பெரிய ஆளாக வேறு ஒருவரை வைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தார்கள், வீமெட் மறுத்துவிட்டான். இன்றைக்கு நம் ஊரில் பத்து வயசுப் பையனிடம் பேக்கைக் கொடுத்தால் லேபர் இன்ஸ்பெக்டர் வந்து நிற்பார். அதுவும் சரிதான்.

ஆகவே, அடுத்த தடவை போகும்போது சில சங்கதிகளை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தூரத்தை உள்ளபடி சொல்லுங்கள். ஏழாம் நம்பர் அயர்னில் 120 கஜம் போகிறவர் 150 போகும் என்று அளந்துவிட்டால், அவர் உங்கள் பொய்க்குத்தான் மட்டை எடுத்துக் கொடுப்பார், பந்து குளத்தில் விழும், பிறகு அவரை முறைப்பீர்கள். இரண்டு ஹோலில் அவருக்கு உண்மை தெரிந்துவிடும். மூன்றாவது ஹோலிலிருந்து நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு, ஒரு நம்பர் குறைந்த, நீளமான மட்டையை நீட்டுவார். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் லைனைச் சொன்னால் அந்த லைனிலேயே தட்டுங்கள். தப்பாகப் போனால் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். பாதி அவர் சொன்னது, பாதி உங்கள் கணக்கு என்று கலந்து அடித்தால் அது எந்த ஊருக்கும் போகாது. ஒன்பதாவது ஹோல் டீக்கடையில் உங்களுக்கு முட்டை சாண்ட்விச் சொல்லும்போது அவருக்கும் சொல்லுங்கள். அவர் நிழலில் தனியாக நின்று சாப்பிட்டால் கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள், அது அவருடைய பத்து நிமிஷம். அப்புறம் பெயர். முதல் டீயிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் மூன்று வருஷம் கழித்துக் கேட்டேன். அவருக்கு என் பெயர், என் ஹேண்டிகேப், என் இடது முழங்கால் வலி, என் பெண் நீட் எழுதியது எல்லாம் தெரிந்திருந்தது. இந்த மடலில் அவர் பெயரைப் போடலாமா என்று போன வாரம் கேட்டேன். "அத்தெல்லாம் வாணாம் சார், அப்பால மத்த கேடிங்க கலாய்ப்பானுங்க" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கு கவரைப்பேட்டை ரயில்வே மேம்பாலம் பக்கத்தில் காரோடு நிற்பேன். இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் ஏடிஎம்மில் நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்துக்கொண்டு வாருங்கள். அண்ணன்களுக்கு ஜிபே வேண்டாமாம். நம்பர் வீட்டுக்காரம்மா போனில் இருக்கிறது, டிப்ஸ் எவ்வளவு வந்தது என்று இவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அங்கே தெரிந்துவிடுகிறதாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
சிப்காட், கும்மிடிப்பூண்டி